கில்ட் அணியலாமா?

ஸ்காட்லாந்து ஆண்களின் கில்ட் என்னும் ஆடையை நம்மில் பலர் படங்களில் மட்டுமே கண்டிருப்போம். இடுப்பைச் சுற்றிவந்து முழங்காலில் முடியும் கட்டம் போட்ட கம்பளித் துணி. பின்புறம் நெருக்கமான மடிப்புகள். முன்னே தொங்கும் ஒரு தோல் பை. முழங்காலுக்குக் கீழே தடித்த காலுறை. பட்டாளத்தில் பேக்பைப் வாசிப்பவரும் மணமேடைக்குச் செல்லும் மாப்பிள்ளையும் அணியும் விசேஷ உடையாகவே அது நெடுங்காலம் இருந்துவந்தது.

அந்த நிலை இப்போது மாறி வருகிறது. எடின்பரோவில் ஹவி நிக்கல்ஸ்பி என்னும் தையற்கலைஞர் 1996ஆம் ஆண்டு முதல் டெனிம், தோல், ட்வீட் போன்ற துணிகளில் அன்றாட உடுப்பாகவே கில்ட் தைத்து வருகிறார். தாமும் நாள்தோறும் அதையே அணிகிறார். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட யூட்டிலிகில்ட்ஸ் நிறுவனம், தடித்த பருத்தித் துணியில் பெரிய பைகள் வைத்துத் தைத்து, தச்சர்களும் இயந்திரத் தொழிலாளர்களும் வேலைக்கு அணிந்து செல்லும் ஆடையாக அதை மாற்றியது. 2008இல் வாஷிங்டன் மாநிலத் தபால்காரர் ஒருவர், நாள் முழுவதும் நடப்பவர்களுக்குக் காற்சட்டையைவிடக் கில்ட்டே ஏற்றது என்று வாதிட்டு, அதைச் சீருடையில் சேர்க்குமாறு தம் தொழிற்சங்க மாநாட்டில் தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் தோற்றது. ஆயினும் பேச்சு நிற்கவில்லை. ஸ்காட்லாந்து கால்பந்து அணி எந்த நாட்டில் ஆடினாலும் அந்நாட்டின் தெருக்கள் கில்ட் அணிந்த ஆண்களால் நிறைவதைத் தொலைக்காட்சியில் காண்கிறோம்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கக்கூடும். நம் பிள்ளைகள் படிப்புக்காகவும் வேலைக்காகவும் கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் அபர்தீனிலும் வாழ்கிறார்கள். பட்டமளிப்பு நாளிலோ நண்பரின் திருமணத்திலோ கில்ட் அணிந்து எடுத்த ஒரு படம் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. ஒருவர் பாவாடை என்று நகைப்பார். மற்றொருவர் பெண்களுக்கு ஒப்பாகும் பாவம் என்பார். மூன்றாமவர் வேற்று மதத்தாரின் கோலம் என்று தீர்ப்பளிப்பார். எல்லோரும் தொலைவிலிருந்தே பேசுவார்கள்; அந்த ஆடையின் நீளம் எவ்வளவு என்று மட்டும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். மார்க்கம் முதலில் கேட்கும் கேள்வியோ அதுதான்.

கில்ட்டின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். ஸ்காட்லாந்தின் வடபுலத்து மலைநாட்டு ஆண்கள் 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பல கஜ நீளமுள்ள கம்பளித் துணியை மடித்து, இடுப்பில் வாரால் கட்டி, மீதியைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். பகலில் உடை, இரவில் அதுவே போர்வை. இன்று காணும் குட்டையான கில்ட், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தப் பெரிய துணியின் மேற்பாதி நீக்கப்பட்டு உருவானது. அதை அமைத்தவர் மலைநாட்டில் இரும்பாலை நடத்திய தாமஸ் ராலின்சன் என்னும் ஆங்கிலேயர் என்று ஒரு சாரார் கூறுவர். அதைக் கேட்டால் சினம் கொள்ளும் ஸ்காட்லாந்துக்காரர்களும் உண்டு.

1746இல் கலோடன் போரில் மலைநாட்டுப் படை தோற்றதும் பிரிட்டிஷ் அரசு அந்த ஆடையின் மீதே கைவைத்தது. மலைநாட்டு ஆணோ சிறுவனோ கில்ட் அணிந்தால் முதல் முறை ஆறு மாதச் சிறை. மறுமுறை ஏழாண்டு நாடுகடத்தல். அரசின் படையில் சேர்ந்தவருக்கு மட்டும் விலக்கு. 36 ஆண்டுகள் இந்தச் சட்டம் நடைமுறையில் இருந்து, 1782இல் நீக்கப்பட்டது. தடை நீங்கிய நாற்பதாம் ஆண்டில், 1822இல், நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, வரவேற்பைப் பொறுப்பேற்று நடத்திய எழுத்தாளர் வால்டர் ஸ்காட் அதைக் கில்ட் திருவிழாவாகவே ஆக்கிவிட்டார். எந்த அரசு சிறையிலிட்டதோ அதே அரசின் மன்னர் கில்ட் அணிந்து நின்றார். கால்கள் தெரியாதிருக்கத் தோல்நிறக் கால்சட்டையொன்றை உள்ளே அணிந்திருந்தார் என்பது கூடுதல் செய்தி. நாம் கீழே பேசப்போகும் விஷயத்தில் மன்னர் நமக்கு முன்னோடி! இன்ன குலத்துக்கு இன்ன கட்டம் என்னும் ஒழுங்கும் பெரும்பாலும் அந்த நூற்றாண்டில் வகுக்கப்பட்டதே.

ஆகவே கில்ட் என்பது வேதகாலத்துச் சின்னமும் அன்று. ஒரு மதத்தின் அடையாளமும் அன்று. குளிர்மலைகளில் மாடு மேய்த்தவர்களின் துணி, தடைசெய்யப்பட்டதால் மானத்தின் சின்னமாகி, பின்னர் அரசவை அலங்காரமாகி, இப்போது மீண்டும் தெருவுக்கு வந்திருக்கிறது.

இனி எதிர்ப்புகளை எடுத்துக்கொள்வோம். பெண்களைப் போலத் தோற்றம் கொள்ளும் ஆண்களையும் ஆண்களைப் போலத் தோற்றம் கொள்ளும் பெண்களையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் புகாரியில் உள்ளது. அதை இலேசாக எடுத்துக்கொள்ள எந்த முஃமினாலும் இயலாது. கேள்வி என்னவெனில், எது பெண்ணின் ஆடை, எது ஆணின் ஆடை என்பதை எதைக்கொண்டு தீர்மானிப்பது? இந்த ஹதீஸின் விளக்கத்தில் இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) ஃபத்ஹுல் பாரியில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்: ஆடையின் அமைப்பு ஊருக்கு ஊர், வழக்கத்துக்கு வழக்கம் மாறுபடும். கால்கள் இரண்டுக்கும் தனித்தனி உறை தைத்தால் ஆண், ஒரே சுற்றாக உடுத்தினால் பெண் என்று வானத்திலிருந்து எந்த விதியும் இறங்கவில்லை.

அப்படியொரு விதி இருந்திருந்தால் நம் நிலை என்னவாகும்? நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் பெரும்பாலும் அணிந்தது இடுப்பைச் சுற்றிக் கட்டும் இஸார். ஹஜ்ஜுக்குச் செல்லும் ஆண் இஹ்ராமில் காற்சட்டையைக் களைந்துவிட்டு, தைக்காத துணியையே இடுப்பில் சுற்றுகிறார். யமன் நாட்டார் ஃபூத்தா அணிகிறார்கள், வங்கதேசத்தார் லுங்கி, மலாய் மக்கள் சாரோங். இலங்கையில் சாரம், நமக்குக் கைலி. மலாய் முஸ்லிம்கள் பள்ளிவாசலுக்கு உடுத்திச் செல்லும் கட்டம் போட்ட பருத்திச் சாரோங்குக்குக் 'காயின் பெலேக்காட்' என்று பெயர். பெலேக்காட் என்பது பழவேற்காட்டின் பெயரே. அந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய துணிக்கு அங்கே ஊர்ப்பெயரே ஆடைப்பெயராக நிலைத்துவிட்டது. சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர்கள் கொண்டுசேர்த்த சரக்குகளில் அதுவும் ஒன்று. கட்டம் போட்ட துணியை இடுப்பில் சுற்றிய ஆண்களின் வழிவந்த நாம், கட்டம் போட்ட துணியை இடுப்பில் சுற்றிய இன்னொரு நாட்டு ஆணைப் பார்த்துப் பாவாடை என்று சிரிப்பது விந்தையிலும் விந்தை. அவர்களுக்கு ஸ்போரன் என்னும் தோல் பை. நம் பெரியவர்களுக்குப் பணம் வைக்க மடி, அல்லது பை தைத்த அகன்ற பச்சை வார். தேவை ஒன்றே.

ஸ்காட்லாந்தின் வழக்கில் கில்ட் ஆணின் உடை என்பதில் ஐயமே இல்லை. முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சேற்றில் அதை அணிந்துகொண்டு போரிட்ட படைப்பிரிவுகள் இருந்தன. ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கில்ட் அணிவது ஒன்று. ஆண் பெண் என்னும் பிரிவே வேண்டாம் என்று அறிவிப்பதற்காகப் பெண்களின் பாவாடையை ஆண்கள் அணியும் புதுப்பாணி மற்றொன்று. மேலைநாட்டுக் கடைகளில் இவை இரண்டும் அடுத்தடுத்த கொக்கிகளில் தொங்கலாம். ஹதீஸ் எச்சரிப்பது இரண்டாவதைத்தான். முதலாவதை அதனோடு சேர்த்துக் கட்டுவது நியாயமன்று. வழக்கமே அளவுகோல் என்றால் அது இருபுறமும் வெட்டும் என்பதையும் ஏற்க வேண்டும். கிளாஸ்கோவில் கண்ணியமான ஆடை, காயல்பட்டினத்துக் கடைத்தெருவில் வேடிக்கையாகிவிடக்கூடும். அங்கே அணிவதற்கான நியாயத்தை இங்கே அணிவதற்கும் ஒருவர் நீட்டினால், அவர் பிறர் பார்வையைத் தேடுகிறாரா என்று தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இரண்டாவது எதிர்ப்பு: பிற சமூகத்தாருக்கு ஒப்பாவது. இதில் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைப் பெரும்பாலோர் எடுத்துவைப்பதில்லை. 1857 நவம்பரில் லக்னோவின் சிக்கந்தர் பாக் தோட்டத்துக்குள் புகுந்து, சூழ்ந்து சிக்கிய சிப்பாய்களை ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் என்னும் அளவில் கொன்று குவித்த படையின் முன்னணியில் இருந்தது 93ஆம் ஹைலேண்டர் பிரிவு. கில்ட் அணிந்த படை அது. கொல்லப்பட்டவர்களில் முஸ்லிம்களும் ஹிந்துக்களும் இருந்தார்கள். நம் நாட்டுக்குக் கில்ட் வந்தது இப்படித்தான். அதைக் கண்டதும் ஒருவருக்கு நெஞ்சு கனத்தால் அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை.

ஆனால் அதே கப்பலில்தான் காற்சட்டையும் கோட்டும் வந்தன. அவற்றை அணிந்துகொண்டு ஜும்ஆவுக்குச் செல்கிறோம், நிக்காஹ் மேடையில் அமர்கிறோம். காற்சட்டைக்குக் கிடைத்த மன்னிப்பு கில்ட்டுக்கு மட்டும் இல்லை என்றால், அளவுகோல் மார்க்கமா, பழக்கமா? தபூக் பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் ஷாம் நாட்டு ஜுப்பா ஒன்றை அணிந்திருந்தார்கள். அதன் கைகள் இறுக்கமாக இருந்ததால் ஒளூ செய்யக் கையை உள்ளிருந்து கீழ்வழியாக எடுக்க நேர்ந்தது என்பதை முஃகீரா பின் ஷுஅபா (ரலி) அறிவிக்கிறார்கள். ஷாம் அன்று ரோமர்களின் ஆட்சியில் இருந்த நாடு. அந்நாட்டுத் துணி என்பதற்காக அது விலக்கப்படவில்லை. 1903இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலிலிருந்து ஒரு முஸ்லிம், ஐரோப்பியத் தொப்பி அணியலாமா என்று எகிப்தின் முஃப்தி முஹம்மத் அப்துஹுவிடம் கேட்டபோது, மதம் மாறும் எண்ணமின்றித் தேவைக்காக அணிவதில் தவறில்லை என்றே அவர் தீர்ப்பளித்தார். அந்த ஃபத்வாவுக்கு அக்காலத்தில் எழுந்த கண்டனங்கள் கொஞ்சமல்ல. இன்றோ தொப்பி ஒரு பிரச்சினையாக யாருக்கும் தோன்றுவதில்லை.

ஸ்காட்லாந்து முஸ்லிம்கள் இந்தக் கேள்வியைத் தங்கள் வழியில் கடந்துவிட்டார்கள். 2012இல் அங்கே இஸ்லாமிய டார்ட்டன் என்று ஒரு கட்ட வடிவமே உருவாக்கப்பட்டது. நாட்டுக் கொடிக்கு நீலம், இஸ்லாத்துக்குப் பச்சை. ஐந்து கடமைகளுக்கு ஐந்து வெள்ளைக் கோடுகள், ஈமானின் ஆறு அம்சங்களுக்கு ஆறு பொன்னிறக் கோடுகள். கஅபாவுக்கு ஒரு கறுப்புச் சதுரம். பிற்காலத்தில் ஸ்காட்லாந்தின் முதலமைச்சரான ஹம்ஸா யூசுஃப், 2016இல் சட்டமன்ற உறுப்பினராக உறுதிமொழி எடுத்தபோது கில்ட் அணிந்து உருதுவில் எடுத்தார். கோடுகளில் கடமைகளை எண்ணுவது எனக்குச் சற்று மிகையாகவே படுகிறது. துணிக்கு அவ்வளவு பொருள் ஏற்ற வேண்டியதில்லை. ஆனாலும் இந்த மண்ணில் நானும் ஒருவன் என்று ஒரு சமூகம் சொல்ல விரும்பியதில் குறைகாண ஒன்றுமில்லை.

அப்படியானால் தடையே இல்லையா? உண்டு. அது அவ்ரத்.

ஆணுக்குத் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டது மறைக்கப்பட வேண்டிய பகுதி. ஷாஃபிஈ மத்ஹபில் முழங்கால் அதில் சேராது. ஹனஃபி மத்ஹபில் முழங்காலும் சேரும். கில்ட்டின் முறையான நீளமோ முழங்காலின் நடுப்பகுதி. ஆக, நிமிர்ந்து நிற்கும்போதே ஹனஃபிகளுக்கு அது போதாது. ஷாஃபிஈகளுக்கு நிற்கும்போது ஏறக்குறைய போதும். நாற்காலியில் அமர்ந்தால் துணி ஏறும், படியேறினால் ஏறும், காற்றடித்தால் சொல்லவே வேண்டாம். தொழுகையில் ருகூஉக்குக் குனிந்தால் பின்புறம் உயரும். ஸுஜூதில் தொடை தெரியும். போதாக்குறைக்கு, கில்ட்டுக்குள் எதுவும் அணியாதிருப்பதே ஆண்மை என்று அங்கே ஒரு பழம்பெருமை வேறு உண்டு. ஸ்காட்லாந்து டார்ட்டன் ஆணையமே 2010இல் அதைச் சிறுபிள்ளைத்தனம் என்றும் சுகாதாரக் கேடு என்றும் கண்டித்தது. நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெருமையில் பங்கே வேண்டாம்.

இந்தச் சிக்கல் புதியதன்று என்பதுதான் எனக்கு வியப்பளிப்பது. மதீனாவில் தோழர்கள் சிலரிடம் போதிய துணி இல்லை. சிறிய இஸாரைக் கழுத்தில் முடிந்துகொண்டு தொழுதார்கள். ஆண்கள் ஸுஜூதிலிருந்து எழுந்து நிமிர்ந்து அமரும்வரை பெண்கள் தலையை உயர்த்த வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டது. ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அறிவிக்கும் செய்தி இது. அதைவிட நெஞ்சைத் தொடுவது அம்ரு பின் ஸலிமா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. அவருடைய குலத்தார் இஸ்லாத்தை ஏற்றபோது குர்ஆனை அதிகம் மனனம் செய்திருந்தவர் அவரே. ஆகவே ஆறேழு வயதுச் சிறுவரையே இமாமாக நிறுத்தினார்கள். அவர் உடுத்தியிருந்த துணியோ சிறியது. ஸுஜூது செய்யும்போது சுருங்கி மேலேறிவிடும். அதைக் கண்ட அக்குலத்துப் பெண் ஒருவர், உங்கள் இமாமின் பின்புறத்தை மறைக்கக்கூடாதா என்று கேட்டார். அவர்கள் என்ன செய்தார்கள்? சிறுவரைக் கடிந்துகொள்ளவில்லை, இமாமத்திலிருந்து இறக்கவும் இல்லை. துணி வாங்கி ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அந்தச் சட்டையைப் பெற்றபோது அடைந்த மகிழ்ச்சியைப் போல் வேறெதிலும் அடையவில்லை என்று வளர்ந்த பின்பு அவர் நினைவுகூர்கிறார்.

குறை கண்ட இடத்தில் துணி வாங்கிய அந்தக் குலத்தாரைப் போல நாம் நடக்கிறோமா? நம் பள்ளிவாசல்களில் கீழிடுப்பில் நிற்கும் ஜீன்ஸும் குட்டைச் சட்டையும் அணிந்து வரும் வாலிபர்களின் முதுகும் அதற்குக் கீழும் ஸுஜூதில் தெரிவதைப் பின்வரிசையில் நிற்கும் அனைவரும் அறிவோம். முகம் சுளிப்போர் பலர். தொழுகை முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் அதட்டுவோர் சிலர். அதட்டப்பட்டவர் அடுத்த ஜும்ஆவுக்கு வருவதில்லை. காற்சட்டை என்பதாலேயே ஒரு ஆடை மறைத்துவிடாது. சுற்றுத்துணி என்பதாலேயே திறந்துவிடாது. கணுக்கால்வரை தொங்கும் கைலியில் குனிந்தாலும் அமர்ந்தாலும் மறைவுக்குக் குறைவில்லை. அந்தக் கைலியைத்தான் நாம் வீட்டுக்குள் ஒளித்துவைக்கப் பழகிவிட்டோம். வாசலில் யாரேனும் வந்தால் ஓடிப்போய்க் காற்சட்டை மாட்டும் தலைமுறை இது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் டாக்காவிலேயே, 2013இல் செல்வந்தர்கள் குடியிருக்கும் பாரிதாரா பகுதியில் லுங்கி அணிந்த ரிக்‌ஷாக்காரர்கள் நுழையக்கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடைவிதித்தது. அதை எதிர்த்து இளைஞர்கள் லுங்கி கட்டிக்கொண்டு மிதிவண்டியில் ஊர்வலம் வந்தார்கள். 1746இல் அரசு செய்ததை இங்கே அண்டைவீட்டார் செய்தார்கள்.

ஆகவே அயல்நாட்டிலிருக்கும் மகன் கில்ட் அணியலாமா என்று கேட்டால் பெற்றோர் கூறவேண்டிய பதில் என் எண்ணத்தில் இதுவே: அணியலாம், உள்ளே முழங்காலுக்குக் கீழிறங்கும் கால்சட்டை ஒன்றை அணிந்துகொள், தொழுகை நேரத்துக்குப் பையில் ஒரு கைலியை மடித்து வைத்துக்கொள். மடித்தால் அது ஒரு புத்தகத்தின் அளவுக்குமேல் இராது. அங்குள்ள பள்ளிவாசல் நிர்வாகிகளும் நான்கைந்து கைலிகளை வாசலருகே தொங்கவிட்டால், கில்ட்டுக்கும் கால்பந்தாட்ட அரைக்காற்சட்டைக்கும் சேர்த்தே அவை உதவும்.

செலவையும் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். எட்டு கஜக் கம்பளியில் கையால் தைத்த கில்ட்டின் விலை பல நூறு பவுண்டு. ஒருநாள் விழாவுக்காக அவ்வளவு செலவிடுவது வீண்விரயம். அங்குள்ளவர்களே பெரும்பாலும் வாடகைக்குத்தான் எடுக்கிறார்கள். அடிக்கடி அணிவதென்று முடிவுசெய்து தைக்கக் கொடுப்பவருக்கு மட்டும் ஒரு செய்தி. கில்ட் தைப்போர் நீளம் பார்க்கும் முறை, ஆளை மண்டியிடச் செய்து, துணியின் விளிம்பு தரையிலிருந்து ஓர் அங்குலம் உயர்ந்து நிற்கிறதா என்று காண்பது. அளவெடுக்கும்போதே தரையைத் தொடும்படி இரண்டு மூன்று அங்குலம் கூட்டி வைக்கச் சொன்னால் தைத்துத் தருவார்கள். நம் பிள்ளைகள் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.